நாட்டுக்குப் பெயரிட்டோம், தெருவுக்கு?

பத்து மணித்துளிகள் பேசவேண்டும், பொருள், "நம் மாநிலம் - ஓர் அறிமுகம்." ஜூலை 18ஆம் நாள், தமிழ்நாடு நாள் விழாவுக்காகத் தலைமையாசிரியர் இப்பணியை நம்மிடம் ஒப்படைத்தார். இளையவர், கலைக்கல்லூரியிலே பட்டம் பெற்றவர், ஏடுகள் படிப்பவர், ஆகவே எளிதிலே எழுதிவிடுவார் என்று எண்ணினார் போலும்! நாமும் அப்படித்தான் எண்ணினோம்.

எழுதியும் விட்டோம். கிழக்கே வங்கக் கடல், தெற்கே இந்தியப் பெருங்கடல், மேற்கே வானளாவும் மலைத்தொடர், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மிகுந்த கடற்கரை, ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, 38 மாவட்டங்கள், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 7 கோடியே 21 இலட்சம் மக்கள். மரம் பனை, மலர் செங்காந்தள், பறவை மரகதப் புறா, விலங்கு வரையாடு. எல்லாம் உண்மை, எதிலும் பிழையில்லை. விழாவுக்குச் சில நாட்கள் முன்னதாக ஏழாம் வகுப்பிலே ஒருமுறை படித்துக் காட்டினோம், பிள்ளைகளுக்கு விளங்குகிறதா என்று பார்க்க.

படித்து முடித்ததும் ஒரு சிறுமி எழுந்தாள். அவள் தந்தையார் ஒடிசாவிலே கஞ்சம் மாவட்டத்திலிருந்து வந்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலே இயந்திரத்தின் முன் நிற்பவர். சிறுமி தமிழை இங்கேதான் கற்றாள், நன்றாகவே கற்றாள். எவ்வளவு நன்றாக என்பதை அவள் கேட்ட கேள்வி காட்டிற்று.

"சார், 'எங்கள் மாநிலம்' என்று எழுதாமல் 'நம் மாநிலம்' என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஒடியா பேசுகிறோம். அந்த 'நம்' என்பதில் நானும் உண்டா?"

'நாங்கள்' என்றால் கேட்பவர் நீங்கலாக; 'நாம்' என்றால் கேட்பவரையும் சேர்த்து. ஆங்கிலத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது, தமிழுக்குத் தெரியும். இலக்கணப் பாடத்திலே நாமே கற்பித்ததுதான். கற்பித்ததை அவள் நம்மிடமே திருப்பி நீட்டினாள்! "உண்டு அம்மா, உட்கார்" என்று சொல்லிவிட்டு மேலே நடந்தோம். அது விடையன்று, விடை சொல்லத் தெரியாதவன் செய்யும் வேலை என்பது நமக்கே தெரிந்தது.

அடுத்து நடந்தது அதனினும் கேடு. விழா அழைப்பிதழைப் பெற்றோர்க்கு அனுப்ப வேண்டும். உறைமேல் முகவரி எழுதுவதற்காக, ஒவ்வொருவராக எழுந்து தெருப்பெயரை உரக்கச் சொல்லும்படி கேட்டோம். எல்லோரும் சொன்னார்கள். ஒரு பையன் மட்டும் எழுந்து நின்றான், சொல்லவில்லை. மறுபடியும் கேட்டோம், மறுபடியும் கேட்டது நாம்தான், மறைப்பானேன்? "நூலகத்துக்குப் பின்னாலே, சார்" என்றான். "நூலகம் தெருப்பெயரா?" என்றோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "காலனி, சார்!" வகுப்பிலே ஒரு சிரிப்பு எழுந்தது. பையன் தலை கவிழ்ந்து உட்கார்ந்தான்.

பரப்பளவு சொன்னோம், பறவையின் பெயர் சொன்னோம். ஆனால் ஒடியா பேசும் பெண்ணுக்கு இந்த மாநிலம் தன்னுடையதா என்று தெரியவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசிய வீட்டுப் பையனுக்கோ, தான் வாழும் தெருவின் பெயரை இந்த மாநிலத்தின் நடுவே நின்று சொல்ல முடியவில்லை. அப்படியானால் நாம் எழுதிவைத்த அறிமுகம் யாருக்கு, எதை அறிமுகப்படுத்திற்று?

தாளைக் கிழித்துப் போட்டோம். முதலிலிருந்து எண்ணத் தொடங்கினோம். எண்ணியதை இங்கே எழுதுகிறோம், தோழர்களே! பள்ளிக்கு மட்டும் உரியதன்று இது.

மாநிலம் என்பது மண்ணா? ஆவடியிலே மின்தொடர்வண்டி ஏறினால் திருத்தணி வரை போகலாம். 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் இராயபுரத்திலிருந்து வாலாசா நோக்கி ஓடிற்றே, அதுவும் இப்பாதையின் ஒரு பகுதி வழியேதான். அந்த இருப்புப்பாதை இடம் மாறவில்லை. திருத்தணி மலையும் இடம் மாறவில்லை. ஆனால், 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திரம் தனி மாநிலமானபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போயிற்று. மங்கலங்கிழார் போன்றோரும், ம.பொ.சிவஞானம் அவர்களும் வடக்கெல்லைக்காகப் போராடினர், சிறை சென்றனர். படாஸ்கர் நடுவராக வந்தார். சிற்றூர் சிற்றூராக, எவர் எந்த மொழி பேசுகின்றனர் என்று கணக்குப் பார்த்தார்கள். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பிற்று. செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்கள் பல ஆந்திரத்துக்குச் சென்றன.

மலைமேல் குடியிருப்பதாகச் சொல்லப்படும் முருகன் ஆறரை ஆண்டுக் காலம் ஆந்திரத்துக் குடிமகன்! அவன் விண்ணப்பம் எழுதவில்லை, வேலெடுத்து எல்லைக்கோட்டைத் திருத்தவுமில்லை. திருத்தியவர்கள் மனிதர்கள், ஊர்வலம் போனவர்கள், அடிபட்டவர்கள், ஊரூராகக் கணக்கெடுத்தவர்கள், சட்டம் இயற்றியவர்கள். எல்லையை ஆண்டவன் வகுத்தான் என்று எண்ணுபவர் எவரேனும் இருந்தால், திருத்தணி வண்டியிலே ஏறி ஒருமுறை போய் வரட்டும்.

தெற்கே கன்னியாகுமரியும் அப்படித்தான். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களின் தமிழ் மக்கள், நேசமணி தலைமையிலே நின்று போராடினர். 1954ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர் சிலர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அந்த வட்டங்களும் செங்கோட்டையும் இங்கே சேர்ந்தன. அதே நாளிலே மலபார் கேரளத்தோடும், தென் கன்னடம் மைசூரோடும் போயின. கடற்கரை மாநிலம் என்கிறோமே, அக்கரையின் தென்முனை நமக்கு வந்த கதை இதுதான்.

ஆக, மண் அல்ல மாநிலம். மக்கள் செய்த முடிவுதான் மாநிலம். முடிவு செய்த மக்களுக்கு ஒரு பெயர் வேண்டாமா?

1956இல் வடிவம் வந்தது, பெயர் வரவில்லை. 'சென்னை மாநிலம்' என்றே வழங்கிற்று. தமிழ் வழங்கும் நாட்டுக்குத் தமிழ்நாடு என்று பெயரிடுக என்பதை முதன்மையாகக் கொண்ட கோரிக்கைகளோடு, சங்கரலிங்கனார் என்ற காந்தியவாதி, 1956 ஜூலை 27ஆம் நாள் விருதுநகரிலே உண்ணாநோன்பு தொடங்கினார். இரண்டரைத் திங்களுக்குப் பிறகு, அக்டோபர் 13ஆம் நாள், மதுரை மருத்துவமனையிலே உயிர் நீத்தார். அவர் கழகத்துக்காரர் அல்லர். ஆளுங்கட்சியின் மரபிலே வளர்ந்தவர். ஆயினும் ஆளுங்கட்சிக்குச் செவி இல்லை.

1961இல் ஓர் அரைமனத்து இசைவு கிடைத்தது: தமிழிலே எழுதும்போது மட்டும் தமிழ்நாடு என எழுதலாமாம்! வீட்டுக்குள்ளே ஒரு பெயர், வீதிக்கு வந்தால் வேறு பெயர். அதே ஆண்டு, வங்கத்துப் பொதுவுடைமையாளர் பூபேஷ் குப்தா மாநிலங்களவையிலே பெயர் மாற்றத்துக்கு ஒரு மசோதா கொணர்ந்தார். தமிழ்நாட்டுக்குப் பெயர் கேட்டவர் தமிழர் அல்லர் என்பதைச் சிறுமியின் கேள்வியோடு சேர்த்து நினைவில் வையுங்கள். 1963இல் அம்மசோதாவின் மீது அறிஞர் அண்ணா பேசினார். பழந்தமிழ் நூல்களிலே இப்பெயர் இருப்பதைச் சான்று காட்டினார். பெயர் மாற்றத்தால் கிடைக்கும் பயன் யாது என்று வினவியவர்களிடம், பார்லிமெண்டை லோக்சபா என்றும், பிரசிடெண்டை ராஷ்டிரபதி என்றும் மாற்றியதிலே நீங்கள் கண்ட பயன் யாதோ, அதுவே எங்கள் பயன் என்ற பொருள்பட விடையிறுத்தார். எண்ணிக்கை அவர்கள் பக்கம், மசோதா தோற்றது.

நான்கே ஆண்டுகள்! 1967ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள், தோற்ற மசோதாவுக்காக வாதிட்ட அதே அண்ணா, முதலமைச்சராக நின்று, சட்டமன்றத்திலே தீர்மானம் கொணர்ந்தார். ஒருமனதாக நிறைவேறிற்று, 'தமிழ்நாடு' என்று மூன்று முறை அவர் முழங்க, 'வாழ்க' என்று மன்றம் முழங்கிற்று. நாடாளுமன்றம் 1968இல் சட்டம் இயற்ற, 1969ஆம் ஆண்டு ஜனவரி 14, பொங்கல் நாளன்று பெயர் நடைமுறைக்கு வந்தது. அடுத்த இருபதாம் நாள், பிப்ரவரி 3, அண்ணா மறைந்தார். ஜூலை 18ஐத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடுவது என்று அரசு அறிவித்தது 2021இல்.

"பெயர் மாறினால் பசி தீருமா?" என்று அன்று கேட்டார்கள், இன்றும் கேட்பார் உளர். தீராது என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் ஒரு வினா: பெயர் அவ்வளவு பயனற்ற பண்டமென்றால், அதைக் கொடுக்க மறுத்துப் பல ஆண்டுகள் பிடிவாதம் பிடித்தது ஏன்? மறுத்தவனுக்கும் அதன் மதிப்புத் தெரியும் என்பதாலன்றோ?

உலகைச் சற்று நோக்குவோம். இங்கர்சாலைத் தந்த அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரை நெடுகிலும் மாநிலங்கள் வரிசையாக நிற்கின்றன. ஜார்ஜியா என்பது இரண்டாம் ஜார்ஜ் மன்னனின் பெயர். கரோலினா இரண்டும் சார்லஸ் மன்னனின் பெயர். மேரிலாந்து, முதலாம் சார்லஸின் மனைவி பெயர். வர்ஜீனியா, மணம் புரியாத எலிசபெத் அரசியைக் குறித்த பெயர். நியூயார்க், யார்க் கோமகனின் பெயர். மன்னர்களின் ஆட்சியை 1776இல் உதறியெறிந்த மக்கள், மன்னர்களின் பெயர்களை மட்டும் உதறவில்லை! மாசசூசெட்ஸ் என்பது அந்நிலத்துத் தொல்குடி ஒன்றின் பெயர். பெயர் பலகையிலே நிலைத்தது, குடியின் கையிலே நிலம் நிலைக்கவில்லை.

அக்கரையிலேயே, அந்நாட்டு மாநிலங்கள் அனைத்தினும் சிறியது ரோட் ஐலண்ட். 'பெருங்கடல் மாநிலம்' என்பது அதற்கு வழங்கும் செல்லப் பெயர். ஆனால் 2020 வரை அதன் முழுப்பெயர் மிக நீளமாக இருந்தது: 'ரோட் ஐலண்டும் பிராவிடன்ஸ் பிளாண்டேஷன்களும்.' பிளாண்டேஷன் என்ற சொல்லுக்கு, பெயரிட்ட பதினேழாம் நூற்றாண்டிலே, 'குடியேற்றம்' என்பதே பொருள். குற்றமற்ற சொல், அகராதி அப்படித்தான் சொல்லும். ஆனால், பதினெட்டாம் நூற்றாண்டிலே அம்மாநிலத்து வணிகர்கள் ஆப்பிரிக்க மக்களைக் கப்பலேற்றி அடிமைகளாக விற்றுப் பொருள் குவித்தனர். அடிமைகள் வதைபட்ட தோட்டங்களுக்குப் பெயர் பிளாண்டேஷன். ஆகவே கறுப்பின மக்களின் காதிலே அச்சொல் குடியேற்றம் என்று ஒலிக்கவில்லை, சவுக்கென்று ஒலித்தது. 2010இல் அச்சொல்லை நீக்கலாமா என்று மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். வேண்டாம் என்றனர் மிகப் பெரும்பாலோர். 2020ஆம் ஆண்டு நவம்பரிலே மறுபடியும் கேட்டார்கள். நீக்கலாம் என்றனர் பெரும்பாலோர். நீக்கப்பட்டது. அகராதி மாறவில்லை, மக்கள் மனம் மாறிற்று.

இதைப் படித்தபோது, நம் வகுப்பிலே எழுந்த அந்தச் சிரிப்பு நம் காதிலே மீண்டும் ஒலித்தது. 'காலனி' என்றாலும் குடியேற்றம்தானே! அகராதியைப் புரட்டினால் குற்றமற்ற சொல். இரயில்வே காலனி என்று தலை நிமிர்ந்து சொல்கிறார்கள், வங்கி ஊழியர் காலனி என்று வாயிலிலே வளைவு கட்டுகிறார்கள். அங்கே அது முகவரி. ஆனால் முன்னொட்டு ஏதுமின்றிக் 'காலனி' என்று மொட்டையாகச் சொன்னால், ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கப்பட்ட மக்களின் குடியிருப்பு என்று தமிழ்நாட்டிலே எவருக்கும் விளங்கும். 'ஊர்' என்று ஒன்று, 'காலனி' என்று ஒன்று! ஊர் என்பதிலே அந்த மக்கள் இல்லையாம். சிறுமி கேட்ட கேள்வியேதான் இது, தோழர்களே: அந்த 'நம்' என்பதிலே நானும் உண்டா?

பழைய கதை ஒன்று பூந்தமல்லியிலே உண்டு. திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் அது. அவரை இராமானுசர் தம் ஆசானாகவே மதித்தார் என்றும், அவர் உண்ட மிச்சிலை உண்ண விரும்பி வீட்டுக்கு அழைத்தார் என்றும் வைணவக் குருபரம்பரைக் கதைகள் கூறும். நம்பி வந்தபோது இராமானுசர் வீட்டில் இல்லை. அம்மையார் சோறிட்டார், நம்பி உண்டு சென்றதும் இலையை எறிந்தார், இடத்தைக் கழுவினார், நீராடினார், மறுபடியும் உலை வைத்தார். ஏன்? வந்தவர் தம்மினும் தாழ்ந்த வருணத்தார்! கதை நடந்ததா, இல்லையா என்பது நமக்குப் பொருட்டன்று. எழுதியவர்கள் பக்தர்கள், அவர்களே இதை மறைக்கவில்லை என்பதே பொருட்டு. ஆண்டவனோடு பேசியதாகப் போற்றப்படும் அடியார்க்கே அந்த நிலையென்றால், ஆலைக்கும் வயலுக்கும் போகும் எளியவர்க்கு எந்த நிலை? உண்டவர் எழுந்த இடத்தைக் கழுவும் அந்தக் கை இன்னும் ஓயவில்லை. இன்று அது இலையை எறிவதில்லை; தெருப்பெயரைக் கேட்கிறது, அவ்வளவே.

கேட்டுவிட்டு என்ன செய்கிறது? வாடகைக்கு வீடு இல்லை என்கிறது. பெண்ணைக் கொடுக்க மறுக்கிறது. நேர்முகத்திலே ஊரைக் கேட்டு, ஊருக்குள் எந்தப் பக்கம் என்று கேட்டு, புன்னகை புரிகிறது. சாதியை நேரே கேட்டால் நாகரிகமில்லை என்று கற்றுக்கொண்டுவிட்டவர்கள், முகவரியைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். நாம் கேட்டது உறையின்மேல் எழுதத்தான். ஆயினும் அந்தப் பையனின் காதிலே அது எப்படி ஒலித்திருக்கும்? நாங்குநேரியிலே ஒரு மாணவன் 2023 ஆகஸ்டிலே வீட்டிலேயே வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனிலே அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களிலே சாதிப் பெயர் கூடாது, வகுப்பிலே நேராகவோ மறைமுகமாகவோ சாதி தெரியுமாறு மாணவரை அழைக்கக் கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. அந்த அறிக்கையைப் பற்றிப் பலரிடம் பேசியிருக்கிறோம், பாராட்டியிருக்கிறோம். 'மறைமுகமாக' என்ற சொல்லுக்குப் பொருள் நம் வகுப்பறையிலே, நம் வாயிலேயே இருந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

இந்த இயக்கம் பெயரை விளையாட்டாகக் கருதியதே இல்லை. அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அந்தச் செங்கற்பட்டு நகரிலேதான் 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாநாடு கூடிற்று. பெயருக்குப் பின்னே தொங்கிய சாதி வாலை அறுத்தெறிக என்றது அம்மாநாடு. அறுத்தார்கள்! பட்டங்களைத் துறக்கச் சொல்லி, இயக்கத்தின் பெயரையே திராவிடர் கழகம் என மாற்றிற்று 1944ஆம் ஆண்டுச் சேலம் மாநாடு. மனிதனின் பெயர் 1929இல். இயக்கத்தின் பெயர் 1944இல். மாநிலத்தின் பெயர் 1969இல். வடநாட்டார் பலர் தம் பெயரோடு சாதிப்பெயரைத் தயங்காமல் சுமந்து திரியும்போது, இங்கே தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயருமாக ஒருவன் நிற்கிறானே, அதுவும் இந்த மாநிலத்தின் அடையாளந்தான். பனைமரமும் மரகதப் புறாவும் இயற்கை தந்தவை. இது நாமே செய்தது. நம் அறிமுகத் தாளிலே இது இல்லாமற் போனதே!

தெருவின் பெயர் மட்டும் எஞ்சி நின்றது. 2025ஆம் ஆண்டு ஏப்ரலிலே, 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவோம் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்திலே அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் அறிவிப்பு கோட்டையிலே பிறக்கிறது. பலகையோ தெருமுனையிலே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே எத்தனை மேசைகள்! அந்தப் பையனின் தெருமுனையிலே பலகை அப்படியே நின்றது. ஆதார் அட்டையிலே அப்படியே இருந்தது. நம் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலே, நம் கையெழுத்திலேயே, அப்படியே இருந்தது.

சிறுமிக்கு விடை சொல்லவில்லையே? விழாவுக்கு முந்தைய நாள் சொன்னோம். "அம்மா, உன் ஊர் கஞ்சம். 1936ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வரை அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஒரே மொழி பேசுவோர் ஒரே மாகாணமாக வேண்டும் என்று இந்தியாவிலே முதன்முதல் வென்றவர்கள் உன் பாட்டன்மார். ஒரிசா என்று பிறர் எழுதியதை ஒடிசா என்று 2011இல் திருத்தியதும் உங்களவர்களே. தன் மொழியை நேசிப்பவர், பிறர் மொழியின் அருமையை அறிவார். வங்காளி ஒருவர்தான் தமிழ்நாட்டுக்குப் பெயர் கேட்டு மசோதா கொணர்ந்தார். இங்கே உழைக்கிறார் உன் தந்தை. இங்கே கற்கிறாய் நீ. ஒடியாவை மறக்கவேண்டா, தமிழை அயலாகவும் எண்ணவேண்டா. 'நாம்' என்று நாங்கள் சொல்லும்போது உன்னையும் சேர்த்தே சொல்கிறோம். சேர்க்காமல் எவரேனும் சொன்னால், அவர் இலக்கணப் பிழை செய்கிறார்!" சிறுமி சிரித்தாள். இந்தச் சிரிப்பு வேறு.

பையனிடம் மன்னிப்புக் கேட்டோம், தனியே அன்று, எந்த வகுப்பின் முன்னே அவனை நிறுத்தினோமோ அதே வகுப்பின் முன்னே. "பிழை அவன் தெருவிலே இல்லை, கேட்ட நம்மிடமும், சிரித்த உங்களிடமும்தான்" என்றோம். வகுப்பு அமைதியாயிற்று. கடைசி வரிசைப் பையன் தரையைப் பார்த்தான். அவனைத் திட்டவில்லை, அந்தச் சிரிப்பை அவன் எங்கேயோ கற்றுக்கொண்டு வந்தவன், கண்டுபிடித்தவன் அல்லன். இப்போது முகவரிகளை ஒரு தாளிலே எழுதி மடித்துத் தரச் சொல்கிறோம்.

விழாவன்று பேசினோம். பரப்பும் கடற்கரையும் இரண்டே வரிகள். எஞ்சிய நேரமெல்லாம், இந்த மாநிலத்தை எவரெவர் எப்படிச் செய்தார்கள் என்பதும், இன்னும் எது செய்யப்படாமல் இருக்கிறது என்பதும். தலைமையாசிரியருக்கு முழு மனநிறைவு இல்லை. "விழாவிலே குறைகளைச் சொல்லலாமா?" என்றார். விழாவிலே சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

அந்தத் தெருவின் இளைஞர்கள், மாலை நேரத்திலே நூலகத்துக்கு வருபவர்கள், ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். எழுத்துப்பிழை திருத்தும் வேலை மட்டும் நம்முடையது. வீடு வீடாகச் சென்று கையொப்பம் வாங்கினார்கள். புதுப்பெயரைத் தெருவாசிகளே கூடிப் பேசித் தேர்ந்தார்கள். எந்தத் தலைவர் பெயரும் வேண்டாமாம். 'நூலகத் தெரு' என்று வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அன்று பையன் சொன்ன அதே அடையாளம்! விண்ணப்பத்தை உரிய அலுவலகத்திலே கொடுத்தாயிற்று. 'பார்க்கிறோம்' என்றார்கள். இதை எழுதும்வரை விடை வரவில்லை. மறுபடியும் போவோம். 1963இல் தோற்றது 1967இல் வென்றது. 2010இல் தோற்றது 2020இல் வென்றது. கேட்பவர் களைத்துப் போகவில்லை என்பதைத் தவிர வேறு மாயம் எதுவும் அங்கே நிகழவில்லை.

பெயர் மாறினால் சாதி ஒழிந்துவிடுமா என்று கேட்பீர்கள். ஒழியாது. தனிச் சுடுகாடு, தனிக் குவளை, தடுக்கப்படும் திருமணம் எல்லாவற்றோடும் போராடவேண்டியிருக்கிறது. ஆனால், ஒரு சிறுவன் தன் முகவரியை நிமிர்ந்து சொல்ல முடியாத நாட்டிலே, மற்றப் போராட்டங்களுக்கு அவனை எந்த முகத்தோடு அழைப்பது?

ஆகவே, இதைப் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலே 'ஊர்' என்பது எது, 'காலனி' என்பது எது என்று பாருங்கள். பலகையைப் பாருங்கள், பேருந்து நிறுத்தத்தைப் பாருங்கள், பள்ளிப் பதிவேட்டைக் கேளுங்கள். மாறியிருந்தால் மகிழுங்கள். மாறவில்லையென்றால், அங்கு வாழ்வோரிடம் சென்று, என்ன பெயர் வேண்டும் என்று கேளுங்கள், நீங்களே சூட்டிவிடாதீர்கள். பெயரிடும் உரிமை அவர்களுடையது. நம் மாநிலத்துக்கு நாமே பெயரிட்டுக்கொள்ள உரிமை வேண்டும் என்றுதானே அன்று போராடினோம்? அந்த உரிமை தெருமுனை வரை வரட்டும்.

அடுத்த ஜூலை 18க்கும் அறிமுக உரை எழுதவேண்டியிருக்கும். 'நூலகத் தெரு' என்ற சொல்லுக்கு அதிலே ஓரிடம் விட்டுவைத்திருக்கிறோம்.